குடும்பத்துக்கு ஒன்று போதும்

போன ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளித் தோழிகள் குழுவில் இரண்டு படங்கள் வந்தன, பார்த்திருப்பீர்கள். ஒன்று நம் வகுப்பு மானிட்டர் அனுப்பியது. திருச்சியிலிருந்து வந்த அவள் மருமகன் சமூக மன்றத்தில் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சான்றிதழை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவள் மகள், கையில் சின்னக் கொடி. அன்று மாலையே, கணக்கில் நம்மையெல்லாம் அழவைப்பாளே, அவள் பெர்த்திலிருந்து மகன் அனுப்பிய படத்தைப் போட்டாள். அவன் ஆஸ்திரேலியக் குடிமகன் ஆகிவிட்டான், நம் நாட்டுக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. "ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய, பேலன்ஸ் சரியாப் போச்சுலா" என்று ஒருத்தி எழுத, எல்லோரும் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பினீர்கள்.

நான் மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. கோபமா என்று சிலர் தனியாகக் கேட்டீர்கள். கோபமெல்லாம் இல்லை. என் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. அதையெல்லாம் கட்டைவிரலால் தட்டி அனுப்ப முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் அப்போது தேக்காவில், பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே பாய் மாமாவின் மளிகைக் கடை. நாலு கடை தள்ளி அப்பா வேலை பார்த்த மிளகாய் மில். மில் ஓட ஆரம்பித்தால் தெருவே தும்மும். அப்பா வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையைக் கழற்றி மாடிப்படியில் உதறுவார். அப்படியும் அவர் உட்கார்ந்த இடத்தில் நாங்கள் உட்கார்ந்தால் கண் எரியும். சித்தப்பா மேல் மட்டும் வேறு வாசனை அடிக்கும், வெண்ணெய் வாசனை. அவர் சாங்கியில் வெள்ளைக்காரர்களின் விமானப்படை முகாமில் சமையல்காரர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தார், நடையில் ஒரு கேன்வாஸ் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வார்.

அப்பாவுக்கும் அவருக்கும் வயதில் நிறைய வித்தியாசம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். அவர்களுடைய அப்பா போன பிறகு, நெஞ்சு உயரப் பையனாக இருந்த தம்பியை அப்பா கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம், மலாய், சைக்கிள், மீசை எல்லாம் சித்தப்பாவுக்கு இங்கேதான் வந்தன. ஊரைப் பற்றிக் கேட்டால் ஒரு குளத்தையும் ஒரு நாயையும் மட்டும் சொல்வார், அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

நான் பிறப்பதற்கு முன்னால், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி வேனில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக வந்தார்களாம். அஞ்சடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஆண்கள் அதைப் பேசினார்கள். பதிந்தால் இந்தியாவை விட்டுவிட வேண்டும். இந்தத் தீவு நிற்குமா, யார் கண்டது? ஊரில் காலோ அரையோ நிலம் கிடக்கிறதே, அதை யார் பார்ப்பது? பேசிப் பேசிக் கடைசியில் பல வீடுகளில் ஒரே மாதிரி முடிவெடுத்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஒருவர் பதிந்துகொள்வது, ஒருவர் பழையபடியே இருப்பது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குடும்பத்துக்கு நிற்க இடம் இருக்கும்.

"குடும்பத்துக்கு ஒண்ணு போதும்" என்பார் அப்பா, ஏதோ அம்மிக்கல்லைப் பற்றிப் பேசுவது போல. அவர் மட்டும் அப்படி யோசித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பாய் மாமா வீட்டிலும் அதே ஏற்பாடுதான், அவர் இங்கே, அவர் தம்பி நாகூரில். சொத்தைப் பிரிப்பது போல நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அதைச் செய்யும்போது அவர்கள் தங்களைப் பெரிய புத்திசாலிகள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

சித்தப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பதியப் போன அன்று அவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாராம். மாடிப்படியில் வைத்து, "நீ எதுக்குடா? நீ இரு" என்றாராம் அப்பா. அவர் மேலே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார் என்று அம்மா எத்தனையோ காலம் கழித்து என்னிடம் சொன்னார்.

அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பதிந்தவனும் பதியாதவனும் ஒரே கடையில் கோப்பி குடித்தார்கள், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். பின்னால் அடையாள அட்டைக்கு நிறம் வந்தது. அப்பாவுக்கு பிங்க், சித்தப்பாவுக்கு நீலம். அம்மாவுக்கும் நீலம்தான், ஆனால் அதை யாரும் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. மனைவி என்பவள் கணவனோடு சேர்த்தி, அவளுக்குத் தனியாக என்ன நாடு?

நான் சொல்ல வந்தது வெள்ளைக்காரர்கள் முகாம்களைக் காலி செய்துகொண்டு போன காலத்தைப் பற்றி. எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கஸ்டர்ட் வருஷம். முகாமில் ஆட்கள் குறையக் குறைய, சமையலறையில் மிஞ்சுவது கூடிக்கொண்டே போனது. சித்தப்பா அடுக்கு டிபன் கேரியரில் அதைக் கொண்டுவருவார். மேல் தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு, கீழ்த் தட்டில் கஸ்டர்ட். பஸ்ஸில் ஆடி ஆடி வந்து மேலே ஏடு படிந்திருக்கும். அந்த ஏட்டுக்கு நானும் அம்மாவும் போட்டி போடுவோம். அப்பா அதை "மஞ்சக் கஞ்சி" என்பார், தொடமாட்டார். பிஸ்கட் வந்த பெரிய தகரடப்பா ஒன்றும் வந்தது, மூடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிறுமியும் ஒரு நாயும். அம்மா அதில் ஊசி நூல் வைத்திருந்தார். பிடோக்குக்கு வீடு மாறியபோது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்போது யாரும் தேடவில்லை, இப்போது எனக்குத் தேட வேண்டும் போல இருக்கிறது.

பள்ளியில் நாம் தினமும் 'சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்' என்று உறுதிமொழி சொல்வோமே, வலது கையை உயர்த்திக்கொண்டு? அதை வீட்டில் சொல்லிப் பார்க்கச் சொல்வார் சித்தப்பா. நான் சொல்ல, அவரும் பனியனும் கைலியுமாக நின்று கையை உயர்த்திக்கொண்டு கூடவே சொல்வார். நாட்டுப் பண்ணும் அவருக்கு முழுக்கத் தெரியும், குளிக்கும்போது பாடுவார். பிங்க் அட்டை வைத்திருந்த அப்பாவுக்கு அதில் முதல் வரி மட்டும் தெரியும்.

"குடிமக்கள்னா யாரு சித்தப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க இருக்கிறவங்கதான், வேற யாரு? நீ, நான், கீழ பாய், பால் ஊத்துறவரு, எல்லாரும்."

நான் நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.

வெள்ளைக்காரர்கள் போகப் போகிறார்கள் என்ற செய்தி உறுதியானபோது சித்தப்பா சிராங்கூன் ரோட்டில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கீழே பாய் மாமாவுக்கும் கொடுத்தார், மில்லிலும் கொடுத்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"வேலை போகுதுன்னு லட்டு குடுத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா."

"நாடு நம்ம கைக்கு முழுசா வருதுண்ணே. வேலை வேற கிடைக்கும்லா."

அந்த விடுமுறையில் என்னை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனது அதுதான் எனக்கு முதல் முறை. தென்னந்தோப்பும் ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடுகளும் கடந்து, ஜன்னலில் உப்புக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பினார். சவரம் செய்தது போல வெட்டிய புல், பெரிய பெரிய மரங்கள், கறுப்பு வெள்ளை வீடுகள். பின்வாசல் வழியாகச் சமையலறையைக் காட்டினார். ஆளுயர அடுப்புகளில் பாதி அணைந்து கிடந்தன. பிறகு கடற்கரைக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் குளிக்கும் இடம், யாரும் இல்லை. நான் காலை நனைக்கப் பயந்து நின்றேன்.

"இறங்கு பாப்பா. இனிமே இதெல்லாம் நம்மளுது. யாரு கேக்கப்போறா?" என்றார் அவர். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முதலில் அவர்தான் இறங்கினார்.

அடுத்த மாதம் அவருக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. முகாமில் பிங்க் அட்டைக்காரர்களுக்கு வேறு தொழில் கற்றுக்கொடுத்தார்கள், புது வேலைகளில் அவர்களுக்குத்தான் முன்னுரிமை. நீல அட்டைக்காரர்களுக்கு ஒரு தொகையும் ஊருக்குக் கப்பல் டிக்கெட்டும். இங்கேயே வேறு வேலை தேட வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஊரெங்கும் வேலையில்லாத ஆட்கள், குடிமக்களுக்கே வேலை போதாத நேரம். யாரைக் குறை சொல்ல? நீல அட்டைக்காரர் எல்லோருக்கும் சட்டம் ஒன்றாகத்தான் இருந்தது.

சித்தப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினார். ஆஸ்பத்திரிச் சமையலறை, கப்பல் கம்பெனி கேன்டீன், ஒன்றையும் விடவில்லை. ஆட்டு ரோஸ்ட் செய்யத் தெரியுமா, ரொட்டி சுடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பிங்கா, நீலமா என்று கேட்டார்கள். சரி, இப்போதாவது குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்று போனால், நிலையான வேலை இருக்கிறதா என்றார்கள். வேலைக்குப் போனால் குடியுரிமை, குடியுரிமைக்குப் போனால் வேலை. அவர் அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது, என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிச் சிரிப்பார்.

ஆகஸ்ட் மாதம் வந்தது. வழக்கம் போல தேசிய தினத்துக்கு அவர்தான் தெருப் பக்க ஜன்னலில் சிங்கப்பூர்க் கொடி கட்டினார். கீழேயிருந்து பாய் மாமா அண்ணாந்து பார்த்து, "என்ன தம்பி, கப்பல் டிக்கெட் கையில, கொடி ஜன்னல்லயா?" என்றார். கேலிதான், மனதில் ஒன்றும் இல்லை, அவர் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, "அண்ணே, கொடிய எடுத்துடவா?" என்று கேட்டார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தன் வீட்டு ஜன்னலில் கொடி இருக்கலாமா என்று ஒரு மனிதர் அனுமதி கேட்கிறார், அதுவும் அந்த வீட்டிலேயே அதை மனதாரக் கட்டிய ஒரே மனிதர்.

அம்மா வாயைத் திறந்து பேசியது அந்த வாரம்தான். "ஏங்க, தம்பியக் கூட்டிக்கிட்டு எம்.பி.யப் போய்ப் பாருங்க. எல்லாரும் போயி நிக்கிறாங்க. அண்ணன்காரன் கூட நின்னு ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்."

அப்பா போகவில்லை. கூச்சமா, கௌரவமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது, இரண்டும் இல்லை. ஊரில் பங்காளி ஒருவர் எங்கள் நிலத்துக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டதாக அதே நேரத்தில் கடிதம் வந்திருந்தது. கோர்ட்டுக்கு யாராவது போக வேண்டும். அப்பாவின் மனதில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இதற்காகத்தானே ஒருவனை அந்தப் பக்கம் வைத்தோம்?

"போயிட்டு வாடா. ரெண்டு வருஷத்துல கேஸ் முடிஞ்சிரும். ரீ-என்ட்ரி பெர்மிட் இருக்கு, எப்ப வேணா திரும்பி வரலாம். அதுக்குள்ள இங்கயும் நெலமை சரியாயிரும்" என்றார்.

"சரிண்ணே" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான் பேச்சு. நானும் அம்மாவும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடுகைப் போட்டார்.

துறைமுகத்தில் அன்று எக்கச்சக்கக் கூட்டம். நம்மவர்கள்தான் அதிகம். தையல் மெஷின், ரேடியோ, சைக்கிள், சுருட்டிக் கட்டிய பாய் என்று வாழ்ந்த வாழ்க்கையை எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மல்லிகையும் டீசலும் கலந்த ஒரு வாசனை. அழுதவர்களில் பாதிப் பேர் ஆண்கள். சித்தப்பா அழவில்லை. என் தலையைக் கோதி, "கஸ்டர்ட் கிளறும்போது அடுப்பு சின்னதா இருக்கணும்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா, பெருசா வச்சா கட்டி தட்டிரும்" என்றார். கப்பல் நகர்ந்த பிறகும் அப்பா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது எனக்கு ஐஸ் பந்து வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷம் சீக்கிரம் ஓடிவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

கேஸ் முடியவில்லை. வாய்தா வாய்தாவாகப் போயிற்று. பெர்மிட் தேதி நெருங்குகிறது, கிளம்பட்டுமா என்று சித்தப்பா எழுதினார். இந்தத் தீர்ப்பு வரைக்கும் இருந்துவிட்டு வா, ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் ஆகாது என்று அப்பா எழுதினார். ஆனது. திரும்பி வரும் உரிமை காலாவதியாகிவிட்டது. புதிதாக விண்ணப்பித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த நிலம் கடைசியில் எங்களுக்கே வந்தது. அதில் பாதிக்கு மேல் உவர், எள்ளைத் தவிர ஒன்றும் விளையாது என்று பின்னால் ஒருமுறை போனபோது பார்த்தேன்.

சித்தப்பா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார். ஊரில் அவருக்குப் பெயர் "சிங்கப்பூர்க்காரர்". கடைசி வரை அந்த ஊர்க்காரர் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கோ, பிங்க் அட்டையின் புண்ணியத்தில் பிடோக்கில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று, "பாத்தியா, அன்னைக்குப் பதிஞ்சது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. அம்மா ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அவர் யாரையும் கேட்காமல், எங்கள் அண்டை வீட்டுக்காரம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், தனக்கென்று குடியுரிமைக்கு எழுதிப் போட்டு வாங்கினார். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, கைக்கு வந்த பிங்க் அட்டையைத்தான் காட்டினார்.

பெர்த் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை தோழி, நீ மனம் நோகாதே. அவன் தனக்கு வேண்டியதைத் தானே யோசித்து எடுத்துக்கொண்டான், வேண்டாததைத் தானே கொடுத்தான். மானிட்டரின் மருமகனும் அப்படித்தான். என் அப்பாவும் யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அடுத்தவனுக்கும் சேர்த்து யோசித்தார். அதைப் பாசம் என்றுதான் அவர் நினைத்தார், எங்கள் தலைமுறையை வளர்த்த எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். என்னால் அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கையில் நாலு காசு தங்கிய பிறகு, சித்தப்பாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினேன். சுற்றுப்பயணி விசாவில் வந்தார். அப்பாவுக்கு அப்போது முழங்கால் வலி, இருந்தாலும் விடியற்காலையே வந்து என்னோடு வருகைக் கூடத்தில் நின்றார். சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. அப்பா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

டாக்ஸியில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர்கள் பின்னால். கொஞ்ச நேரம் சாலையோரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்த சித்தப்பா தானாகவே பேச்சை ஆரம்பித்தார்.

"இமிகிரேஷன் கவுன்டர்ல நம்ம தமிழ்ப் புள்ள ஒண்ணு. நல்ல மரியாதை. 'தாத்தா, சிங்கப்பூருக்கு இதுதான் முதல் தடவையா?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?" என்றார் அப்பா.

"ஆமான்னுட்டேன்."

"ஏன்டா? இங்கயே வளந்தவன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்புறம் ஏன் தாத்தா போனீங்கன்னு கேக்கும்லா" என்றார் சித்தப்பா. "அந்தச் சின்னப் புள்ளகிட்ட உன்ன எப்படிண்ணே விட்டுக்குடுக்கிறது?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் பிளாக்குக்குக் கீழே டாக்ஸி வந்து நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை.